ஆற்றோரக் கூழாங்கல் பூமி: பயிர் காட்டும் அறிகுறியும் அதைச் சரிசெய்யும் வழியும்

மேட்டுப்பாளையத்தில் பவானியும் கல்லாறும் மலையைவிட்டு இறங்கும் இடம், பெரியகுளம் பக்கம் வராக நதி, நொய்யலின் மேற்குக் கோடி, தென்காசியில் சிற்றாறு என்று மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில் ஆற்றை ஒட்டி நடந்தால் இந்தப் பூமியைப் பார்க்கலாம். மேலே ஓர் அடியோ ஒன்றரை அடியோ மணல் கலந்த வண்டல். அதற்குக் கீழே எலுமிச்சை அளவிலிருந்து தேங்காய் அளவு வரை உருண்டைக் கற்கள். சில இடங்களில் கல் மேலேயே கிடக்கும். மலைச்சரிவில் பாய்ந்து வரும் வெள்ளம் கல்லையும் உருட்டிக்கொண்டு வருகிறது. சமதளத்தில் வேகம் குறைந்ததும் முதலில் பெரிய கல், அடுத்துச் சிறு கல், பிறகு மணல், கடைசியில் வண்டல் என்று இறக்கிவிடுகிறது. ஆறு தடம் மாறும்போதெல்லாம் இந்த அடுக்கும் மாறும். அதனால்தான் ஒரே ஏக்கருக்குள் நாலு விதமான மண் இருக்கிறது.

கல்லின் முனைகள் மழுங்கி உருண்டையாக இருந்தால் அது ஆறு கொண்டுவந்தது. இந்தக் கட்டுரை அந்தப் பூமிக்குத்தான். சாலைக்குக் கொட்டும் செஞ்சரளை பூமிக்கும், மலைச்சரிவில் முனை கூராக உடைந்து கிடக்கும் கல்லுக்கும் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இந்தப் பூமியில் வரும் சிக்கல்கள் பெரும்பாலும் பார்வைக்கு உரக்குறை போலவோ நோய் போலவோ தெரியும். ஆனால் கல் எந்த ஆழத்தில் தொடங்குகிறது, எவ்வளவு இருக்கிறது என்ற இரண்டும் தெரியாமல் உரக்கடைக்குப் போனால், வாங்கிய உரம் நிஜமாகவே ஆற்றோடுதான் போகும். கொடுக்கும் தண்ணீரும் சரி, உரமும் சரி, கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி போக வேண்டும். கீழே வரும் தீர்வுகளில் பாதி இதே விஷயம்தான்.

எந்த அறிகுறியானாலும் முதல் வேலை குழி

பயிர் நன்றாக இருக்கும் இடத்தில் ஒன்று, மோசமாக இருக்கும் இடத்தில் ஒன்று, இரண்டுக்கும் நடுவே ஒன்று என்று மூன்று அடி ஆழத்துக்குக் குழி எடுங்கள். கடப்பாரை ‘ணங்’ என்று பேசத் தொடங்கும் ஆழத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். வேர் எதுவரை இறங்கியிருக்கிறது, எங்கே பக்கவாட்டில் திரும்பிவிட்டது என்று குழியின் சுவரில் பாருங்கள். நடுவே கருப்பாக ஒரு பட்டை ஓடினால் ஆச்சரியப்பட வேண்டாம். அது ஒரு காலத்தில் மேல்மண்ணாக இருந்து, பிறகு வந்த வெள்ளம் மூடிய அடுக்கு. மற்ற நிலங்களில் கீழே போகப் போக மண்ணில் மக்கிய பொருள் சீராகக் குறையும். ஆற்றோரப் பூமியில் ஏறி இறங்கும்.

அடுத்தது கல்லின் அளவு. கண்ணால் பார்த்துச் சொல்வது எப்போதும் தப்பாகிறது, அளந்துவிடுவதே நல்லது. நீளம், அகலம், ஆழம் மூன்றும் ஓர் அடி இருக்கும்படி சிறு குழி வெட்டி, எடுத்ததைச் சிந்தாமல் ஒரு தார்ப்பாயில் குவியுங்கள். குழிக்குள் மெல்லிய பிளாஸ்டிக் தாளை விரித்து, விளிம்பு வரை லிட்டர் கணக்கில் தண்ணீர் ஊற்றுங்கள். சரியாக வெட்டியிருந்தால் 28 லிட்டர் பிடிக்கும். குவித்ததை உலர்த்தி, 2 மில்லிமீட்டர் கண்ணுள்ள சல்லடையில் சலியுங்கள். தீக்குச்சியின் தடிமனுக்கு மேல் இருப்பதெல்லாம் கல் கணக்கில் சேரும். அந்தக் கற்களை நிரம்பத் தண்ணீர் உள்ள பாத்திரத்தில் மெதுவாகப் போட்டு, வழியும் தண்ணீரைப் பிடித்து அளந்தால் கல்லின் கொள்ளளவு வந்துவிடும். குழி 28 லிட்டர், வழிந்தது 11 லிட்டர் என்றால் உங்கள் மண்ணில் ஏறக்குறைய 40 சதவீதம் கல்.

எடை போட்டுப் பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கல் மண்ணைவிடக் கனமானது. எடையில் பாதி கல் என்றால் இடத்தில் அது மூன்றில் ஒரு பங்குதான். 15 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் கல்லைப் பற்றிக் கவலைப்படாமல் சாதாரண மணற்பாங்கான மண்ணாகவே நடத்தலாம். 35 சதவீதத்தைத் தாண்டினால் கீழே வரும் எல்லாம் உங்களுக்குப் பொருந்தும்.

அறிகுறி: தலைமடை ஊறிக் கிடக்கிறது, கடைமடைக்குத் தண்ணீர் எட்டவில்லை

மடையைத் திறந்து அரை மணி நேரம் ஆகியும் தண்ணீர் பாதி வாய்க்காலைத் தாண்டவில்லை என்றால் மோட்டாரைக் குறை சொல்ல வேண்டாம். களிமண் மணிக்கு 1 முதல் 5 மில்லிமீட்டர் தண்ணீரைத்தான் உள்ளே இழுக்கும். மணல் 30 மில்லிமீட்டருக்கு மேல் இழுக்கும். கல்லும் மணலுமாக இருந்தால் அதற்கும் பல மடங்கு. கடைசிப் பாத்தி நனைவதற்குள் முதல் பாத்தியில் விட்டதில் பெரும்பகுதி வேரைத் தாண்டிப் போயிருக்கும்.

வாய்க்காலின் நீளத்தைப் பாதியாக்குங்கள். நடுவே ஒரு குறுக்கு வாய்க்கால் போட்டால் போதும். மண் வாய்க்காலுக்குப் பதில் பி.வி.சி. குழாயையோ மடிப்புக் குழாயையோ ஒவ்வொரு பாத்திக்கும் கொண்டுபோனால் வழியில் குடிப்பது நின்றுவிடும். மடையில் தண்ணீரைச் சிறிதாக விட்டு நெடுநேரம் பாய்ச்சுவது இங்கே தப்பு. பெரிய மடையாக விட்டு, பாத்தியில் முக்கால் பங்கு ஓடியதும் திருப்பிவிடுங்கள். மீதி தானாகப் போய்ச் சேரும். கிணற்றுத் தண்ணீர் ஒல்லியாக வருகிறது என்றால் ஒரு தொட்டியில் தேக்கிவைத்து மொத்தமாகத் திறக்கலாம்.

கல் 40 சதவீதத்துக்கு மேல் இருக்கும் பூமியில் வாய்க்கால் பாசனத்தையே நான் பரிந்துரைக்க மாட்டேன். அங்கே சொட்டுநீருக்குப் போவதுதான் ஒழுங்கான வழி.

அறிகுறி: முந்தாநாள் தண்ணீர் கட்டியும் மதியத்தில் வாடுகிறது

இதுதான் அதிகம் கேட்கப்படும் கேள்வி. காரணங்கள் மூன்று. அவற்றைப் பிரித்துப் பார்க்காமல் எதையும் செய்யக் கூடாது.

முதல் காரணம், மண்ணில் தண்ணீர் தங்க இடமே இல்லாதது. உருண்டைக் கல் தண்ணீர் குடிக்காது. நீலகிரியிலிருந்து வரும் கற்கள் பெரும்பாலும் சார்னோக்கைட் என்ற கெட்டிப் பாறையும் வெண்ணிறப் படிகக் கல்லும்தான். இரண்டும் ஈரத்தை உள்ளே வாங்காதவை. கணக்குப் போட்டுப் பாருங்கள். நல்ல மணல் கலந்த வண்டல் ஒரு மீட்டர் ஆழத்துக்கு, பயிர் எடுத்துக்கொள்ளும்படியாகச் சுமார் 120 மில்லிமீட்டர் தண்ணீரைப் பிடித்துவைக்கும். வேர் 60 சென்டிமீட்டர் இறங்கியிருந்தால் 72 மில்லிமீட்டர். அதில் 40 சதவீதம் கல் என்றால் மிஞ்சுவது 43. அதிலும் பாதி குறைந்ததுமே காய்கறிப் பயிர் தவிக்கத் தொடங்கும். ஆக, கையில் இருப்பது 21 மில்லிமீட்டர். கோடையில் பயிர் நாளுக்கு 5 மில்லிமீட்டர் குடித்தால் நான்கு நாளில் தீர்ந்துவிடும். கல் இல்லாத பக்கத்துத் தோட்டம் இதே கணக்கில் ஏழு நாள் தாங்கும். வேர் 30 சென்டிமீட்டரில் நின்றுவிட்டால் உங்களுக்கு இரண்டே நாள். பக்கத்துத் தோட்டக்காரர் வாரம் ஒருமுறை கட்டுகிறார் என்று நீங்களும் கட்டினால் பயிர் வாடத்தான் செய்யும்.

அதற்காக ஒரே நாளில் இரண்டு மடங்கு விட்டாலும் பயனில்லை. கொள்ளளவுக்கு மேல் விட்டது கீழே போய்விடும். அளவைக் குறைத்து, இடைவெளியைக் குறைத்துக் கட்ட வேண்டும்.

எவ்வளவு விட்டால் சரி என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. மேலே வண்டல், கீழே கல் அடுக்கு என்று இருக்கும் பூமியில் தண்ணீர் கல்லின் எல்லைக்கு வந்ததும் தயங்கி நிற்கும். நுண்ணிய மண்ணின் சிறு துளைகள் ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்கின்றன. கற்களுக்கு இடையே உள்ள பெரிய சந்துகளுக்கு அந்த இழுவிசை கிடையாது. மேல் அடுக்கு கிட்டத்தட்ட முழுக்க நிரம்பினால்தான் தண்ணீர் கல்லுக்குள் இறங்கும். ஆகவே தண்ணீர் கட்டிய மறுநாள் காலையில் ஒரு குழி எடுங்கள். எல்லைக்கு மேலே மண் கையில் பிடித்தால் உருண்டை பிடிக்கிறது, அடியில் இருக்கும் கல் மட்டும் உலர்ந்து வெளுத்துக் கிடக்கிறது என்றால் நீங்கள் விட்ட அளவு கச்சிதம். கல்லின் அடிப்பக்கம் ஈரமாக மினுங்கினால் அதிகம் விட்டிருக்கிறீர்கள். தண்ணீர் சில இடங்களில் மட்டும் கிழித்துக்கொண்டு இறங்கும் என்பதால் இரண்டு மூன்று இடத்தில் பார்த்துவிட்டு முடிவுக்கு வாருங்கள்.

இதே காரணத்தால், அடியில் உள்ள கல் அடுக்கை ஆழக் கலப்பையால் உடைத்து மேலே கொண்டுவரும் வேலையை இந்தப் பூமியில் செய்ய வேண்டாம். ஈரத்தைத் தாங்கி நிற்கும் எல்லையும் போகும், கல்லும் மேல்மண்ணில் கலந்துவிடும். அதைத் திரும்பப் பிரிக்க முடியாது.

இரண்டாவது காரணம் வேர்முடிச்சு நூற்புழு. பருமணல் மண்ணில் இதற்கு நடமாட்டம் சுலபம். தக்காளி, வெண்டை, கத்தரி மண் ஈரமாக இருக்கும்போதே மதியத்தில் வாடி, மாலையில் தெளிந்து, மறுநாளும் வாடினால் ஒரு செடியை மண்ணோடு தோண்டி எடுத்து வாளித் தண்ணீரில் அலசுங்கள். பிடுங்கினால் நுனி வேர் அறுந்து மண்ணிலேயே தங்கிவிடும். வேரில் மணி மணியாக வீக்கம் இருக்கிறதா? நகத்தால் தள்ளினால் உதிராமல், வேரே தடித்ததுபோல இருந்தால் நூற்புழு. பயறு வகையின் வேரில் இருக்கும் நல்ல முண்டுகள் தள்ளியதும் உதிர்ந்துவிடும். உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். நூற்புழு என்றால் அடுத்த பருவம் அதே குடும்பப் பயிரை வைக்காமல் செண்டுமல்லிக்கு மாறி, வேப்பம்புண்ணாக்கைத் தொழு உரத்தோடு கலந்து போடுவது நல்ல தொடக்கம்.

மூன்றாவது, வேர் இறங்காதது. குழியில் வேரெல்லாம் ஒரே ஆழத்தில் மடங்கித் திரும்பியிருந்தால் அங்கே கல் நெருக்கமாக அடைத்துக் கிடக்கிறது. அந்த இடத்துக்கு மேட்டுப்பாத்தி போட்டு வேருக்கு மேலே இடம் கொடுப்பதுதான் வழி.

அறிகுறி: சொட்டுநீர் ஓடுகிறது, வரிசையில் பாதிச் செடி வாடுகிறது

முதலில் குழாயில் சொட்டு விழும் துளை அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். அது சரியாக இருந்தால், ஒரு மணி நேரம் ஓடிய பிறகு துளி விழும் இடத்தில் மண்ணைப் பக்கவாட்டில் வெட்டிப் பாருங்கள். களிமண்ணில் ஈரம் அகலமாகப் பரவும். இந்த மண்ணில் அது ஒல்லியாக, நேராகக் கீழே இறங்கியிருக்கும். இரண்டு துளிகளின் ஈரம் ஒன்றோடொன்று தொடவில்லை என்றால் நடுவில் உள்ள செடிக்கு எதுவும் கிடைக்கவில்லை.

துளிக்குத் துளி 60 சென்டிமீட்டர் இடைவெளி உள்ள குழாய் இந்தப் பூமிக்கு ஆகாது; 30 சென்டிமீட்டருக்கு வாருங்கள். ஏற்கனவே போட்டாகிவிட்டது என்றால் இன்னொரு குழாயைப் பக்கத்தில், துளிகள் மாறி மாறி வரும்படி ஓட்டலாம். ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் ஓட்டுவதைவிடக் காலையில் அரை மணி, மாலையில் அரை மணி என்று பிரித்து ஓட்டுவது நல்லது. மோட்டாருக்கு நேரக்கருவி பொருத்த முடிந்தால் இந்தப் பூமியில் அந்தச் செலவு வீண் போகாது.

அறிகுறி: உரம் போட்டும் இலை மஞ்சள்

எந்த இலை மஞ்சள் என்பதுதான் கேள்வி. அடியில் உள்ள முதிர்ந்த இலைகள் முழுதுமாக வெளுத்தால் தழைச்சத்து (நைட்ரஜன்) குறை. முதிர்ந்த இலையின் விளிம்பு கருகினால் சாம்பல்சத்து (பொட்டாஷ்). முதிர்ந்த இலையில் நரம்பு பச்சையாக இருந்து இடைப்பகுதி வெளுத்தால் மக்னீசியம். கொழுந்து இலை மொத்தமாக வெளுத்தால் கந்தகத்தைச் சந்தேகிக்கலாம். கொழுந்தில் நரம்பு மட்டும் பச்சைக் கோடாகத் தெரிந்து மற்றது வெளுத்தால் இரும்புச்சத்து.

இந்தப் பூமியில் அதிகம் வருவது முதல் இரண்டும். யூரியா மண்ணில் நைட்ரேட்டாக மாறியதும் அதைப் பிடித்துவைக்க மண்ணுக்குக் கை கிடையாது, தண்ணீரோடு இறங்கிவிடும். மாறுவதற்கு முன்பே கூட, போட்ட கையோடு நிறையத் தண்ணீர் கட்டினால் யூரியாவாகவே கரைந்து போகும். இப்போது கடையில் கிடைப்பது வேப்பெண்ணெய் பூசிய யூரியாதான். அது கொஞ்சம் தாமதப்படுத்தும், ஆனால் கல்லுக்குள் ஓடும் தண்ணீரை நிறுத்தாது. பரிந்துரையில் மூன்று தவணை என்று இருந்தால் அதே மொத்த அளவை ஆறாகவோ எட்டாகவோ பிரியுங்கள். சொட்டுநீர் இருந்தால் வாராவாரம் கரைத்து விடலாம். ஆனால் ஓடும் நேரத்தின் கடைசிப் பகுதியில் விடுங்கள். தொடக்கத்திலேயே விட்டால் பின்னால் வரும் தண்ணீர் அதைக் கீழே தள்ளிவிடும். பொட்டாஷுக்கும் இதே கதை. மணிச்சத்து (பாஸ்பரஸ்) அவ்வளவாக நகராது, அதை அடியுரமாகப் போடலாம்.

இரும்புச்சத்துக் குறை என்றால், உரம் வாங்குமுன் ஒரு கல்லை எடுத்து அதன் மேல் எலுமிச்சைச் சாற்றைச் சொட்டுங்கள். நுரைத்தால் கல்லின் மேல் சுண்ணாம்பு படிந்திருக்கிறது. அப்படிப்பட்ட மண்ணில் இரும்பு சல்பேட்டைத் தரையில் போட்டால் பயிர் எடுக்க முடியாத வடிவத்துக்கு மாறிவிடும். இலைமேல் தெளிப்பதே பலன் தரும்.

தென்னையில் குருத்து ஓலை சுருங்கி மடிந்து விரியாமல் வந்தால் போரான் குறையாக இருக்கலாம். அதுவும் தண்ணீரோடு இறங்கிவிடும் சத்துதான். ஆனால் போராக்ஸைக் கைக்கு வந்தபடி போட வேண்டாம். தேவைக்கும் நஞ்சுக்கும் நடுவே உள்ள இடைவெளி மிகச் சிறியது. வேளாண் அலுவலரிடம் அளவு கேட்டுப் போடுங்கள்.

அறிகுறி: மண் பரிசோதனையில் ‘போதுமான அளவு’, வயலில் குறை

ஆய்வகம் தப்புச் செய்யவில்லை. நீங்கள் கொடுத்த மண்ணை உலர்த்தி, 2 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்து, கல்லை ஒதுக்கிவிட்டு, நுண்மண்ணை மட்டும் சோதிக்கிறார்கள். பிறகு அந்த எண்ணை, நிலம் முழுக்க நுண்மண்ணே இருப்பதாக வைத்து எக்டேருக்குக் கணக்கிடுகிறார்கள். உங்கள் பூமியில் 40 சதவீதம் கல் என்றால் அறிக்கையில் 200 கிலோ என்று வருவது வயலில் 120 கிலோதான். ஏற்கனவே அளந்துவைத்த கல் சதவீதத்தை அறிக்கையின் மேலேயே எழுதிவைத்து, எண்களை அதற்கேற்பக் குறைத்துப் படியுங்கள். இந்தக் கணக்கை விவசாயிக்கு யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம். சாதாரணப் பெருக்கல்தான், ஆனால் அது தெரியாமல் அறிக்கையே பொய் என்று ஒதுக்கிவிடுகிறார்கள்.

குறைத்துப் படித்ததும் மூட்டைக் கணக்கில் கூடுதலாகக் கொட்டவும் வேண்டாம். தங்க இடமில்லாத மண்ணில் கூடுதல் உரம் கிணற்றுக்குத்தான் போகும்.

அறிகுறி: ஒரே வயலில் திட்டுத் திட்டாகப் பயிர்

திட்டுகளின் வடிவத்தைப் பாருங்கள். நீளமாக, வளைந்து, ஆற்றின் போக்கிலேயே ஓடினால் அது பழைய ஆற்றுத்தடம். கோடையில் தண்ணீர் கட்டிய மூன்றாம் நாள் மேட்டிலிருந்து பார்த்தால் வெளுத்த கோடாகத் தெரியும். அந்தத் தடத்தைக் குச்சி நட்டு அடையாளம் செய்து, அதற்குத் தனி மடை, தனி வால்வு கொடுங்கள். முழு வயலையும் ஒரே மாதிரி நடத்தினால் ஒரு பக்கம் அழுகும், மறு பக்கம் காயும்.

அந்தக் கல் தடத்தைத் திருத்த வேண்டுமென்றால் ஏரிக் கரம்பைதான், அதாவது ஏரியின் அடியில் படிந்த வண்டல்தான் மருந்து. ஒரு ஏக்கரில் ஒரு சென்டிமீட்டர் பரப்ப 40 கன மீட்டர், அதாவது 14 யூனிட் வேண்டும். முழு ஏக்கருக்கும் அடிக்காமல் தடத்துக்கு மட்டும் அடித்தால் செலவு கட்டுப்படும். வட்டாட்சியர் அலுவலகத்தில் அனுமதி வாங்கி எடுக்கலாம். தடித்த அடுக்காகக் கொட்டிவிட்டு அப்படியே விட்டால் மழையில் இறுகி ஓடாகிவிடும். மெல்லியதாகப் பரப்பி மேல் ஐந்தாறு அங்குலத்தில் கலந்துவிடுங்கள்.

தொழு உரமும் பசுந்தாளும் இந்தச் சூட்டில், காற்றோட்டமான மண்ணில் வேகமாகத் தீர்ந்துபோகும். ஒருமுறை பத்து வண்டி அடித்துவிட்டு ஐந்து வருடம் சும்மா இருப்பதற்குப் பதில் ஆண்டுதோறும் சணப்போ தக்கைப்பூண்டோ விதைத்து மடக்குங்கள். தரையை மூடாக்கால் மூடிவைக்கவும் வேண்டும். தென்னந்தோப்பில் உரிமட்டையைக் குழிந்த பக்கம் மேல்நோக்கி இருக்கும்படி வரிசைகளுக்கு நடுவே பள்ளத்தில் அடுக்கி மூடினால் அது சில ஆண்டுகளுக்கு ஈரம் பிடித்துத் தரும். கல் பூமிக்கு இதைவிட மலிவான ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை.

அறிகுறி: கல் பொறுக்கியபின் நிலம் இன்னும் மோசமாகிவிட்டது

முழுக் கல்லையும் பொறுக்கியிருப்பீர்கள். மேலே கிடக்கும் சிறு கற்கள் மழைத்துளியின் அடியைத் தாங்கிக்கொள்கின்றன. வெயிலில் ஈரம் ஆவியாவதைக் குறைக்கின்றன. சீனாவின் கான்சு மாகாணத்தில் மழை குறைந்த நிலத்தின் மேல் வேண்டுமென்றே கூழாங்கல்லையும் மணலையும் பரப்பி தர்ப்பூசணி விளைவிக்கிறார்கள். கலப்பைக் கொழுவையும் ரோட்டவேட்டர் கத்தியையும் உடைக்கும் அளவுள்ள கல்லை மட்டும், கை முட்டிக்கு மேல் பெரிதாக இருப்பதை மட்டும் எடுங்கள். எடுத்ததை ஆற்றோரக் கரைக்கு வரப்பாக அடுக்கினால் அடுத்த வெள்ளத்தில் மண் அரிப்பைத் தடுக்கும். ரோட்டவேட்டரை அடிக்கடி ஓட்டினால் கத்தி தேய்வதோடு மண்ணும் பொடியாகும். இங்கே ஒன்பது கொழுக் கலப்பையை மேலாக ஓட்டுவது போதும்.

கல்லையும் மண்ணையும் வாங்கிக்கொள்கிறோம் என்று லாரிக்காரர்கள் வந்தால் யோசியுங்கள். பட்டா நிலமானாலும் கிராவல் சிறுகனிமக் கணக்கில் வரும். அனுமதியில்லாமல் எடுத்தால் குற்றம். அதைவிட, மேலே இருக்கும் ஓர் அடி வண்டல் பல வெள்ளங்கள் விட்டுப்போனது. அது போனால் கரம்பை அடித்து ஈடுகட்டக் கட்டுப்படியாகாது.

அறிகுறி: காற்றுக்கு வாழை சாய்கிறது, தென்னையின் வேர் வெளியே தெரிகிறது

ஆழமில்லாத மண்ணில் வேர் தட்டையாகப் பரவியிருக்கிறது. வாழைக்கு முட்டுக் கொடுப்பதைத் தவிரக் குறுக்குவழி இல்லை. மண் அணைத்துக் கட்டுவதைத் தள்ளிப்போட வேண்டாம். கோடைக் காற்று வரும் பக்கத்தில் சவுக்கோ அகத்தியோ இரண்டு வரிசை நட்டால் பெரிய பாதுகாப்பு. மரக்கன்று நடும்போது மூன்றடிக் குழி எடுத்து, வெளியே வந்த கல்லைத் திரும்பப் போடாமல் மேல்மண்ணும் மக்கிய உரமும் போட்டு நிரப்புங்கள்.

கல் மிக மேலே இருக்கும் பகுதியில் வாழையைக் கட்டாயப்படுத்துவானேன்? முருங்கை, மா, கொடிக்காய்கள், தர்ப்பூசணி, வெள்ளரி இவையெல்லாம் வடிகால் நல்ல மண்ணை விரும்புபவை. தர்ப்பூசணிக்கு மண் சீக்கிரம் சூடாவது ஒரு வசதி. மரவள்ளியும் மஞ்சளும் கல்லுக்கு நடுவே கோணலாக வளரும், விலை கிடைக்காது. ஆற்றை ஒட்டிய கடைசிப் பட்டையில் எந்தப் பயிரும் வைக்காமல் நீர்மருதும் புங்கனும் வெட்டிவேரும் வைப்பதுதான் என் முடிவு. கரை நின்றால்தான் வயல் நிற்கும்.

அறிகுறி: மழையே இல்லை, வயலில் அடியிலிருந்து தண்ணீர் ஊறுகிறது

மலையில் மழை பெய்து ஆறு ஏறியிருக்கும். கல் அடுக்கு வழியாக ஆற்று மட்டமும் உங்கள் நிலத்தடி மட்டமும் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. உறுதிசெய்ய, முன்பு எடுத்த குழியில் ஒரு குச்சியைக் குத்திக் காலையிலும் மாலையிலும் நீர்மட்டத்தைக் குறித்து, ஆற்றின் ஏற்ற இறக்கத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் சேர்ந்து ஏறி இறங்கினால் வடிகால் வெட்டி லாபமில்லை. ஆறு மேலே இருக்கும்வரை வடிவதற்கு இடம் கிடையாது. இறைத்தாலும் திரும்ப ஊறும். காத்திருங்கள், ஆறு இறங்கியதும் சீக்கிரம் வடிந்துவிடும். களிமண் பூமிக்கு இல்லாத வரம் இது. ஆறு இறங்கியபிறகும் குழியில் தண்ணீர் நின்றால், நடுவே ஏதோ ஒரு களி அடுக்கு தாங்கி நிற்கிறது. அதற்கு வடிகால் வெட்டத்தான் வேண்டும்.

அறிகுறி: வெள்ளம் வயலில் மணலைக் கொட்டிவிட்டுப் போயிருக்கிறது

ஈரமாக இருக்கும்போது டிராக்டரை இறக்க வேண்டாம். காய்ந்ததும் நாலைந்து இடத்தில் கடப்பாரையால் குத்தி மணலின் தடிமனை அளந்து பாருங்கள். நாலு விரல் அளவு இருந்தால் உழுது கலந்துவிடலாம். அதற்கு மேல் முக்கால் அடி வரை, கீழே உள்ள கல் அடுக்கைத் தொடாமல் ஆழமாக உழுது அடிமண்ணோடு சேர்க்கப் பார்க்கலாம், தொழு உரம் கட்டாயம். அதையும் தாண்டினால் கூட்டி அகற்றுவதே வழி. அகற்றுமுன் வருவாய்த்துறையில் தகவல் கொடுத்து அனுமதியை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சேதத்தைப் படம் எடுத்துவைப்பதும் நிவாரணத்துக்கு உதவும். மணலுக்குப் பதில் மெல்லிய வண்டல் படிந்திருந்தால் அதைத் தொடவே வேண்டாம். மேலோடு வெடித்ததும் லேசாகக் கிளறிவிட்டு விதைக்கலாம்.

அறிகுறி: பண்ணைக்குட்டையில் தண்ணீர் நிற்கவில்லை

நிற்காது. தண்ணீர் தேக்கிவைக்க வேண்டுமென்றால் 500 மைக்ரான் பிளாஸ்டிக் விரிப்பு வேண்டும். விரிப்புக்கு அடியில் கல் நீட்டிக்கொண்டிருந்தால் தண்ணீரின் எடையில் கிழிந்துவிடும். சுவரிலும் தரையிலும் கல்லைப் பொறுக்கிவிட்டு சலித்த மண்ணை ஒரு சாண் பூசி, அதன் மேல் விரியுங்கள். கிணற்றில் நீர் ஏற வேண்டும் என்பதுதான் நோக்கமென்றால் விரிப்பே தேவையில்லை. மழைநீரை மண்ணுக்குள் அனுப்ப இதைவிடப் பொருத்தமான பூமி கிடையாது. உள்ளே வரும் வழியில் வண்டல் வடியச் சிறு தொட்டி மட்டும் கட்டி, வருடம் ஒருமுறை குட்டையின் அடியைச் சுரண்டி விடுங்கள்.

அறிகுறி: கிணற்றுத் தண்ணீர் மழைக்குப்பின் கலங்குகிறது, நாறுகிறது

களிமண்ணும் நுண்மணலும் செய்யும் வடிகட்டல் கல் அடுக்கில் நடப்பதில்லை. கழிவறைத் தொட்டி, மாட்டுத் தொழுவம், உரக்குழி எதிலிருந்து கசிந்தாலும் கிணற்றுக்கு வேகமாக வந்துவிடும். நிலத்தடி நீர் எந்தப் பக்கம் சரிகிறதோ, பெரும்பாலும் ஆற்றை நோக்கித்தான், அந்தச் சரிவில் கிணற்றுக்கு மேல்பக்கம் இவை எதுவும் இருக்கக் கூடாது. உறிஞ்சுகுழி ஏற்கனவே மேல்பக்கம் இருந்தால் அதை அடிப்பாகம் பூசிய தொட்டியாக மாற்றுங்கள். குடிக்கும் தண்ணீரை ஆண்டுக்கு ஒருமுறை, மழைக்காலம் முடிந்ததும் பரிசோதனைக்குக் கொடுங்கள். கிருமிச் சோதனையோடு நைட்ரேட்டையும் பார்க்கச் சொல்லுங்கள். இந்தியக் குடிநீர்த் தரத்தில் நைட்ரேட்டின் வரம்பு லிட்டருக்கு 45 மில்லிகிராம். அதைத் தாண்டிய தண்ணீரைக் கைக்குழந்தைக்குப் பால் கரைக்கப் பயன்படுத்தக் கூடாது. காய்ச்சினால் நைட்ரேட் போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் செறிவு கூடத்தான் செய்யும்.